மீன்காட்டும் யந்திரத்தைத் தேர்ந்துகொள்ளும் முறை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நெய்தல் நிலத்து மக்களென்று சங்கநூல்கள் கூறும் பரதவர் வழியில் வந்தவர் நாம். நம் முன்னோர் ஈயக்குண்டைக் கயிற்றிற் கட்டி இறக்கிக் கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் அறிந்தனர். கோயிற் கோபுரத்தையும் பனைமரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, பார் கிடக்கும் இடத்தை மறவாது நினைவில் நிறுத்தினர். இன்று அவ்வேலையிற் பாதியைச் செய்ய ஒரு யந்திரம் வந்திருக்கின்றது. அதை வாங்கும்பொருட்டு வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போவதையும் நாம் காண்கின்றோம். ஆகவே, வல்லமோ பைபர் படகோ வைத்திருக்கும் சிறு தொழிலாளி எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்பதை இங்கு ஆராய்வோம்.

முதலில் யந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். 1948-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்தில் புருனோ சகோதரர்கள் இதை மீன்பிடி படகுகளுக்கென விற்பனைக்குக் கொண்டுவந்தனர். படகின் அடியிலுள்ள டிரான்ஸ்டியூசர் என்னும் உறுப்பு நீருக்குள் ஒலியை அனுப்புகின்றது. அவ்வொலி தரையிலும் மீனிலும் பட்டுத் திரும்புகின்றது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்லுமாதலால், 30 மீட்டர் ஆழமுள்ள தரையிலிருந்து அது திரும்பிவர ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கே ஆகும். அந்த நேரத்தை அளந்தே யந்திரம் ஆழத்தைச் சொல்லுகின்றது. ஆகையால் காசைத் திரையின் அகலத்தில் கொட்டாமல், ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரில் இடுவதே விவேகம்.

இரண்டாவது, ஒலியின் அலைவரிசை. 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி குறுகிய கூம்பாக இறங்கி, நுட்பமாகக் காட்டும். ஆனால் வெகு ஆழம் செல்லாது. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி பரந்து, ஆழமாகச் செல்லும். ஆனால் நுட்பம் குறையும். கூம்பின் விரிவு 20 பாகையானால் 30 மீட்டர் ஆழத்தில் சுமார் 10½ மீட்டர் அகலமே தெரியும்; 45 பாகையானால் 25 மீட்டர் அகலம் தெரியும். தீவுகளையொட்டிச் சில பாக ஆழத்தில் வலைவிடுவோனுக்கு முன்னதே போதும். வெளிக்கடலில் ஆழத் தூண்டில் போடுவோனுக்குப் பின்னதும் அவசியம். சிர்ப் என்னும் வகை, ஒரே அலைவரிசையை விட்டுப் பலவற்றை வரிசையாக அனுப்புவதால், நெருங்கி நிற்கும் மீன்களைப் பிரித்துக் காட்டும்.

மூன்றாவது, சக்தியின் கணக்கு. ஒரே யந்திரத்தின் சக்தியை இருவிதமாக எழுதுவர். ஆர்.எம்.எஸ். என்ற கணக்கில் 500 வாட் ஆவது, பீக்-டு-பீக் என்ற கணக்கில் 4000 வாட் என்று பெரிதாகத் தோன்றும். பெட்டியின்மேல் உள்ள பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல், எக்கணக்கென்று கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, பொருத்துமிடம். நீரிற் காற்றுக்குமிழி கலந்தால் ஒலி சிதறும். எனவே விசிறி கலக்கும் நீருக்கு அப்பால், படகு ஓடும்போதும் நீரை விட்டு மேலெழாத இடத்தில் டிரான்ஸ்டியூசரைப் பொருத்துக. திண்ணிய பைபர் அடியாயின் உள்ளிருந்தே ஒட்டிவிடலாம். மரத்தின் ஊடாகவோ, நடுவே நுரைப்பொருள் வைத்த பைபரின் ஊடாகவோ ஒலி நன்கு செல்லாது. நண்பகல் வெயிலிலும் தெளியும் திரையும், உப்புநீர் புகாத உடலும் வேண்டும். ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி இருப்பின், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் நீர் புகாதென்று பொருள். மின்கலத்தின் வோல்ட் அளவு யந்திரத்துக்கு ஏற்றதாவென்று பார்ப்பதும், கம்பியில் பியூஸ் வைப்பதும் மறக்கலாகாது.

இனித் திரையை வாசிக்கும் விதம். அதில் தெரிவது இக்கணத்துக் கடலன்று. சற்று முன்வரை படகின் அடியில் கடந்துசென்றவற்றின் வரிசையே. நங்கூரமிட்ட படகின் அடியில் ஒரே மீன் நின்றாலும் நீண்ட கோடாகத் தோன்றும். அதைக் கூட்டமென்று எண்ணலாகாது. யந்திரம் வரையும் மீன் உருவங்கள் அதன் அனுமானமே. பாரின்மேல் திரையில் தரைக்கோடு தடித்து, கீழே இரண்டாவது கோடும் விழும். சேற்றுத்தரை மங்கலாகத் தோன்றும். மேலும், மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பையே ஒலியை மிகுதியாகத் திருப்புவது. சீலாவுக்கு அப்பை இல்லை. ஆதலின் அது மங்கியே தெரியும். திரையில் ஒன்றுமில்லையென்று வலையைச் சுருட்டும் இளைஞன், தன் அடியிற் சென்ற சீலாவை இழக்கக்கூடும்.

இதுபற்றியே நாம் ஒன்றை வற்புறுத்துகின்றோம். கடன்படுமுன், யந்திரம் வைத்துள்ள உறவினர் படகில் ஒரு முதியவரையும் ஏற்றிக்கொண்டு, அவர் அறிந்த பாருக்குச் செல்லுங்கள். அவர் சொல்லும் பாகத்தையும் தரையையும் திரையோடு ஒத்துப்பாருங்கள். யந்திரத்தின் குணம் விளங்கும். முதியவரின் அறிவும் அன்றே இளைஞனுக்குக் கைம்மாறும். நீர்வாட்டின் போக்கையும், காற்றின் திசையையும், மீன் வரும் பருவத்தையும் இத்திரை சொல்லாது. அவற்றை அறிந்தோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர். அவர்களோடு அவ்வறிவும் போய்விடின், எவ்வளவு விலை கொடுத்தும் அதை மீட்க முடியாது.

வாங்குமுன் வீட்டுப் பெண்களையும் கலந்துகொள்ளுங்கள். அடகு வைக்கும் நகை அவர்களுடையது. வட்டி கட்டும் கவலையும் பெரும்பாலும் அவர்களுடையதே. தொழிலின் ஆழத்துக்கு மிஞ்சிய யந்திரம், ஆழமறியாத கடனாக முடியும். கண்ட பாரையெல்லாம் ஒரே பருவத்தில் துடைத்தெடுப்பதும் தகாது. குஞ்சும் சினைமீனும் தங்கினால்தான் அடுத்த தலைமுறைக்குக் கடலில் வேலையிருக்கும்.

முன்னோர் விட்ட ஈயக்குண்டும், நாம் வாங்கும் இவ்வியந்திரமும் ஒரே கேள்வியைத்தான் கடலிடம் கேட்கின்றன. விடையைப் பொருள்கொள்ளும் புத்தி படகோட்டியிடத்தே இருக்கவேண்டும். அப்புத்தியை வளர்ப்பதற்கு நம் சங்கம் துணைநிற்குமென நம்புகின்றோம்.