யானையின் விலையும் தீனியின் செலவும்

கண்டி நகரிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்லைக்கு ஏறும் பாதை, ஒரு வாகனத்தின் உண்மைக் குணத்தை அறிவதற்கு உகந்த உரைகல்லாகும். ஒரு வளைவு முடியுமுன் மறு வளைவு தொடங்கிவிடும். தேயிலைத் தோட்டங்களுக்குள் பிரியும் கிளைப்பாதைகளிலோ பல இடங்களில் கல்லும் பள்ளமுமே வண்டியை எதிர்கொள்ளும். நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த இத்தகைய ஊர்களில், நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் பெரிய ஜீப் வண்டி ஓர் ஆடம்பரமன்று. பல வேளைகளில் தேவையே. ஆயின், அத்தேவையை எளிய வண்டியால் நிறைவு செய்வதா, சொகுசு வண்டியால் நிறைவு செய்வதா என்பதே சிந்தனைக்குரிய வினாவாகும்.

இவ்விரு வகையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், அலுமினிய உடலுடன் 1948ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் பிறந்தது. அது உழவனின் கருவியாகவே கருதப்பட்டது. இலங்கையின் தேயிலை மலைகளில் துரைமார்களும் தோட்டத் தொழிலாளரும் நன்கறிந்த வண்டி அது. அதே நிறுவனம் 1970ஆம் ஆண்டு ரேஞ்ச் ரோவரை வெளியிட்டது; கரடுமுரடான பாதைக்குரிய வலிமை அதில் இருந்தது, ஆனால் இருக்கை சுகமானது. ஜப்பானிலும் இதே கதைதான். 1951ஆம் ஆண்டு டொயோட்டா உருவாக்கிய வண்டி, 1954இல் லேண்ட் குரூஸர் என்னும் பெயர் பெற்றது. 1989இல் தோன்றிய லெக்சஸ் என்னும் சொகுசுக் கிளை, 1996இல் அதே லேண்ட் குரூஸரின் அடித்தளத்தின்மேல் எல்.எக்ஸ். என்னும் வண்டியை அமைத்தது. எலும்பு ஒன்று, போர்த்திய தோல் வேறு.

அவ்வாறாயின் செலவு எங்கே வேறுபடுகின்றது? முதலில் வரியை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். இலங்கையில் 2020 மார்ச்சு மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இறக்குமதியாகும் வண்டியின்மீது விழும் வரிகளுள் உற்பத்தி வரி, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்துக் கணிக்கப்படுகின்றது. ஒரே இயந்திரம் பூண்ட எளிய வண்டியும் சொகுசு வண்டியும் அவ்வரியில் ஏறக்குறைய சமமே. ஆனால் சொகுசு வரியோ வண்டியின் பெறுமதியைப் பார்க்கின்றது. ஓர் எல்லையைக் கடந்த ஒவ்வொரு ரூபாயையும் தொடர்ந்து வருகின்றது. ஆகவே தோலிருக்கைக்கும் மெருகூட்டிய மரத்துக்கும் கொடுக்கும் மேலதிக விலை, துறைமுகத்தைத் தாண்டும்போது பன்மடங்காகப் பருத்துவிடுகின்றது.

அப்பருத்த விலைதான் பின்னர் வரும் செலவுகளுக்கெல்லாம் அளவுகோல். காப்புறுதிக் கட்டணம் வண்டியின் பெறுமதியைப் பொறுத்தது. லீசிங் முறையில் வாங்கினால் வட்டியும் அவ்வாறே. வண்டி கொட்டகையில் உறங்கும் நாட்களிலும் இவ்விரு செலவுகளும் உறங்குவதில்லை.

பாதையில் இறங்கியபின் டயர் பேசத் தொடங்குகின்றது. லேண்ட் குரூஸர் 300இல் 18 அங்குலச் சக்கரம் பூண்ட வகை உண்டு. லெக்சஸ் எல்.எக்ஸ். 600இன் சில வகைகள் 22 அங்குலச் சக்கரங்களுடன் வருகின்றன. சக்கரம் பெருக்கும்போது டயரின் விளிம்புச் சுவர் குறுகும். குறுகிய சுவர் நகரத்துச் சாலையில் அழகு. தோட்டத்துக் கல்லில் இடர். அவ்வாறே எளிய வண்டியைச் சாதாரண உருக்குச் சுருள்வில் தாங்குகின்றது. எல்.எக்ஸ். வண்டியோ எண்ணெய் அழுத்தத்தால் தன் உயரத்தைத் தானே மாற்றிக்கொள்கின்றது. அந்த ஏற்பாட்டில் பயணம் மெத்தையாகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வில் தளர்ந்தால் ஊர்க் கராஜிலுள்ள பாஸ் மாற்றிவிடுவார். எண்ணெய் அழுத்த ஏற்பாடு பழுதுற்றால் அதற்கெனப் பயின்றவரையும் உரிய உதிரிப்பாகத்தையும் தேடிக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்ல நேரும். அதுவரை வண்டி நிற்கும். வருமானமும் அதனோடு நிற்கும்.

எரிபொருளில் உடன்பிறப்புகளிடையே பெரும் பேதமில்லை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயாகவும், 95 ஒக்டேன் 550 ரூபாயாகவும் உயர்ந்தன. பின்னர் எரிபொருள் அட்டை முறை வந்தபோது, மோட்டார் காருக்கு வாரம் ஒன்றுக்கு 20 லீற்றரே தொடக்கத்தில் அளக்கப்பட்டது. மலைப்பாதையில் பெரிய வண்டி லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடுவதாகக் கொண்டால், 120 கிலோமீற்றரோடு அவ்வாரத்தின் பயணம் முடிந்தது. முகப்பிலிருந்த பொன்முத்திரைக்காக ஒரு துளியேனும் மிகுதியாகக் கிடைக்கவில்லை.

இனி, பழைய வண்டி வாங்குவோரின் நிலை. உண்மையான ஆபத்து இங்கேதான் பதுங்கியிருக்கின்றது. நக்கிள்ஸ் மலையைக் காணவரும் பயணிகளை ஏற்றிப் பிழைக்க எண்ணும் ஒரு குடும்பம், நகையை அடகு வைத்துப் பழைய ஜீப் ஒன்று வாங்க முனைகின்றது என்று வைத்துக்கொள்வோம். வயது முதிர்ந்த சொகுசு வண்டி, ஏறக்குறைய எளிய வண்டியின் விலைக்கே கைக்கெட்டுவதாகத் தோன்றும். ஆனால் முதுமையில் குறைவது வாங்கும் விலை மட்டுமே. அதன் உதிரிப்பாகம், அவ்வண்டி புதிதாய் இருந்த நாளின் தகுதிக்கேற்பவே விலை கேட்கும். ஏழையின் பணத்தில் வாங்கிய வண்டி, செல்வனின் செலவில்தான் ஓடும். மற்றொரு மயக்கமும் உண்டு. இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. வண்டி ஒரு சேமிப்பு என்ற எண்ணம் அதனால் பலரிடம் வேரூன்றியது. கதவடைத்த சந்தையின் விலை அது. கதவு திறந்தபின்னும் அதனை நம்பிக் கடன்படுவது அறிவுடைமையாகாது.

சொகுசு வண்டியைப் பழிப்பது முறையன்று. நெடும்பயணத்தில் முதியவர்க்கும் நோயாளர்க்கும் அதன் அமைதி பெரும் ஆறுதல். உயர்ந்த கட்டணம் செலுத்தும் விருந்தினரை அழைத்துவரும் விடுதிக்கு அதுவே முதலீடாகவும் அமையலாம். ஆனால் அந்த வருவாய் கையில் உண்டா, அல்லது கற்பனையில் மட்டும் உண்டா என்பதை வாங்குவோர் முன்னரே வரையறுத்தல் வேண்டும். விலைச்சீட்டை மட்டும் பாராது, ஐந்தாண்டுக்குரிய வட்டி, காப்புறுதி, டயர், பழுது, எரிபொருள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, விற்கும்போது திரும்பக்கூடிய தொகையைக் கழித்துப் பார்ப்பவரே வண்டியின் மெய்யான விலையை அறிந்தவராவார்.

யானையை வாங்குவது எளிது, கட்டித் தீனி போடுவதே அரிது என்பர் பெரியோர். மடுல்கெல்லையின் ஏற்றத்தில் இரு வண்டிகளும் ஒரே உயரத்தைத்தான் அடைகின்றன. மேலே சேர்ந்தபின் வீட்டில் அடுப்பு எரியுமா என்பதைத் தீர்மானிப்பது, வாங்குமுன் எழுதிப் பார்த்த அந்த ஒற்றைத் தாளேயாகும்.