கல்லான மரம்



விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்கு அண்மையில் நான் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், மாணவன் ஒருவன் இரு கற்களை என் மேசைமீது வைத்தான். ஒன்று, கட்டட வேலைக்கு வந்த பலகைக் கல்லின் சில்லு. அதன்மேல் பெரணி இலை போன்ற கரிய கோலம் அழகாகக் கிளைத்திருந்தது. மற்றது, வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டுகையில் கிடைத்த பழுப்புநிறத் துண்டு.

"ஐயா, இவற்றுள் எது தாவரம்?" என்று வினவினான். நான் சற்றும் தயங்காது சில்லைக் காட்டினேன். அவனும் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு சென்றான்.

அன்றிரவு உருப்பெருக்கிக் கண்ணாடியால் அச்சில்லை நோக்கினேன். அக்கோலத்தில் காம்பு இல்லை, நடுநரம்பு இல்லை, கிளைகள் கல்லின் வெடிப்பிலிருந்து புறப்பட்டன. அது இலையன்று. வெடிப்பில் ஊறிய நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடின் படிவு!

மறுநாள் வகுப்பிலேயே என் பிழையை ஒப்புக்கொண்டு, அவன் வீட்டிற்குச் சென்றேன். அந்தத் துண்டைத் துவைகல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். தூக்கிப் பார்த்தேன், விறகைவிடப் பன்மடங்கு கனம். கத்திமுனை அதைக் கீறவில்லை. நனைந்திருந்த குறுக்குமுகத்தில் கண்ணாடியை வைத்தபோது, ஊசி குத்தியது போன்ற நுண்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அவை மரம் நீரேற்றிய குழாய்கள். ஊசியிலை மரங்களுக்கு அவை இல்லை. ஆதலால், இது பூக்கும் தாவர இனத்து மரம் என்ற அளவே நாம் கூறலாம். இன்ன மரம் என்றறிய, கல்லின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் ஆராய்தல் வேண்டும்.

திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றை அசுரனின் எலும்புகள் என்று சொல்லும் பழங்கதையும் அங்கு உண்டு. வேரும் கிளையும் இன்றிக் கிடப்பதால், வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்று அறிஞர் கருதுவர். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் உயிரணுக்களில் படிந்து, மரத்தின் அமைப்பு மாறாமல் கல்லாக்கிற்று.

இன்று அவ்விடம் பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் சின்னம். அங்கிருந்து ஒரு துண்டும் எடுத்தல் ஆகாது. உங்கள் கொல்லையில் இத்தகைய கல் கிடைத்தால், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் முதலில் குறித்து வையுங்கள்; இடம் தெரியாத கல், முகவரி இழந்த கடிதம்.

உருவத்தைக் கண்டு பெயரிடாதீர்கள். உள்ளமைப்பைக் கண்டு பெயரிடுங்கள். பிழை நேர்ந்தால் மறுநாளே திருத்துங்கள். இவ்விரண்டையும் எனக்குக் கற்பித்தது அந்தத் துவைகல்லடித் துண்டே.