மூன்று சைக்கிள், நான்கு பேர்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது உபயோகமா பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த உபயோகமான விஷயம் ஒன்றுதான். செங்கல்பட்டிலிருந்து சைக்கிளில் மாமல்லபுரம் போவது எப்படி, ராத்திரி எங்கே படுப்பது என்பது.

1983, மாட்டுப் பொங்கல். நாங்கள் நாலு பேர். வாடகைக்குக் கிடைத்தது மூன்று சைக்கிள். ஆகவே ஒருவன் எப்போதும் கேரியரில். முறை வைத்து மிதித்தோம் என்று அவர்கள் சொல்வார்கள். அதிகம் மிதித்தது நான்தான்.

திருக்கழுக்குன்றம் வரை 14 கிலோமீட்டர். மலையேறி, உச்சி வேளையில் சோறு தின்ன வரும் கழுகைப் பார்த்தோம். அந்தப் பறவைகள் இப்போது வருவதில்லை. இறங்கும்போது ஒருகல் மண்டபத்தைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சு வியாபாரிகள் இங்கே வந்து, கல்லில் தங்கள் பேரை வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம்ம பையன்கள் மட்டும்தான் சுவரில் பேர் கிறுக்குகிறான்கள் என்று திட்டுகிறோம்!

பக்கிங்ஹாம் கால்வாய்ப் பாலத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது. ஒரு சைக்கிளிலும் டைனமோ கிடையாது. மறுநாள் காணும் பொங்கல், ஊரெல்லாம் கூட்டம். ஒரு லாட்ஜில் ஏறினோம். மேனேஜர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ரூம் இல்லப்பா." அவர் வாய் மூடுமுன் இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். சாவி கொடுத்தார். "சார், இப்பதான் இல்லேன்னீங்க?" என்றோம். "அது ஃபாரினர்ஸுக்கு" என்றார். சொந்த ஊர்ப் பக்கத்தில் இடமில்லாமல் நின்ற அந்த நிமிஷம் இன்றும் உறுத்துகிறது.

சிறுபாணாற்றுப்படை படித்திருப்பீர்கள், பரீட்சைக்காவது. இதே கடற்கரையில், தெற்கே எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் கிடைக்கும் என்று ஒரு பாணன் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான். ஐரோப்பாவில் இதை ஓர் ஏற்பாடாகவே செய்தார்கள். ஜெர்மனியில் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், ஊர் சுற்றும் மாணவர்கள் தங்குவதற்காக 1912ல் ஆல்டெனா கோட்டையில் விடுதி திறந்தார். இன்று பையன்கள் சைக்கிளை வெளியே பூட்டிவிட்டுக் கோட்டைக்குள்ளேயே தூங்கலாம். எங்களுக்குக் கோட்டை இல்லை. கீற்றுக் கொட்டகை கிடைத்தது.

சிற்ப வேலை செய்பவர் ஒருவருடையது. "எங்கேருந்து தம்பி வரீங்க? சாப்டீங்களா?" இவ்வளவுதான் கேட்டார். அந்த அம்மா மீன் குழம்பும் மிச்சப் பொங்கலும் போட்டார்கள். முகம் செதுக்காத பிள்ளையார்களுக்கு நடுவே, கல் தூசியில் சாக்கு விரித்துப் படுத்தோம். பொழுது விடிந்ததும் உளிச் சத்தம்தான் எழுப்பியது.

காசு கொடுத்தோம். வாங்கவில்லை. நண்பன் அண்ணனுடைய ஆக்ஃபா கிளிக் கேமரா கொண்டு வந்திருந்தான். "ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, எங்ககிட்ட ஒண்ணும் இல்ல" என்றார். எடுத்தோம். அரைகுறை நந்தி மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவர் பையன், நாலைந்து வயசு, எங்கள் சைக்கிள் பெல்லைப் பிடித்துக்கொண்டு. அந்த அம்மா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டார்.

அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் எல்லாம் பார்த்தோம். (அடுத்த வருஷம், 1984ல், யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.) அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். பிறகு சதுரங்கப்பட்டினம். செங்கல் கோட்டை, உள்ளே டச்சுக்காரர் கல்லறைகள், கல்லில் அவ்வளவு நுணுக்கமான வேலை. 1782ல் இந்தக் கடலில்தான் பிரெஞ்சு, ஆங்கிலேயக் கப்பல்கள் மோதின. நாங்கள் போன அன்று அங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

போட்டோவைக் கழுவினோம். பரீட்சை வந்தது, வேலை வந்தது. அனுப்பவில்லை. அனுப்பலாம் என்றாலும் எப்படி? அவர் பேரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005ல், தேடிப் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் கடைகள். விசாரித்தால் மூன்று பேர் மூன்று திசை காட்டினார்கள்.

சைக்கிள் பிரியர்கள் சிலர் அடுத்த மாதம் மாமல்லபுரம் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வேண்டாம், கார்கள் பறக்கும். திருக்கழுக்குன்றம் வழியே போங்கள். ஆதார் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், லாட்ஜில் கேட்பார்கள். டியூப் ஒட்டும் சாமான் மறக்காதீர்கள்.

அந்தப் படத்தைப் பத்துப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன். அந்தப் பையன் இப்போது ஐம்பதை நெருங்கியிருப்பான். உளிச் சத்தம் கேட்கும் பட்டறைகளில் எல்லாம் காட்டிக் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.