கல்கியின் ‘அலை ஓசை’யும் வாசகரும்

 

பத்தாண்டு நிறைவு விழாவில் கல்கியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தபோது, ‘சிவகாமியின் சபத’த்தைப் பற்றியே பேசுவேன் என்று பலரும் எண்ணியிருப்பீர்கள். அணுபுரத்தில் அது இயல்பு. மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு அமர்ந்திருந்தபோது அப்புதினத்தின் கரு தம் உள்ளத்தில் தோன்றியதாகக் கல்கியே எழுதியிருக்கிறார். விருந்தினர் வந்தால் கற்கோயில்களைக் காட்டி, ஆயனரும் சிவகாமியும் இங்கே வாழ்ந்தவர்கள் என்றே சொல்லிவிடுகிறோம். அவர்கள் கற்பனை மாந்தர் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. நானும் அப்படிச் சொன்னவள்தான்.

ஆயினும், காலத்தை வென்று நிற்கத்தக்கதாகக் கல்கி தம் நூல்களுள் கருதியது அதனை அன்று, ‘அலை ஓசை’யை. 1948, 49ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த அப்புதினத்திற்கு, அவர் மறைந்து ஈராண்டு கழித்து, 1956இல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நூல் எதுவென்று வகுப்பில் கேட்டால் இன்றும் ‘பொன்னியின் செல்வன்’ என்ற விடையே வருகிறது. 2022இல் திரைப்படம் வந்த பிறகு அவ்விடை இன்னும் உரத்து ஒலிக்கிறது.

சென்ற ஆண்டு நம் வட்டம் ‘அலை ஓசை’யைப் பாகத்திற்கு ஒரு கூட்டமாக வாசித்தது. பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என நான்கு கூட்டங்கள். இரண்டாம் கூட்டத்திலேயே நாற்காலிகள் பாதி காலியாகிவிட்டன. வந்தியத்தேவனைத் தேடிப் போனவருக்குத் தில்லிச் செயலகத்தில் பணியாற்றும் ராகவன் கிடைத்தான், ஏமாற்றம் இயற்கைதானே? எதிர்பாராச் சந்திப்புகள் அளவுக்கு மீறிப் போகின்றன என்றார் ஓர் இளங்கவிஞர். அக்குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. சுதேச சமஸ்தானத்துச் சூழ்ச்சிகளும் துப்பாக்கியும் வரும் இடங்களில், தொடர்கதையாசிரியர் அடுத்த வார இதழை நினைத்துக்கொண்டு எழுதுகிறார் என்பது தெளிவாகவே தெரிகிறது. க.நா.சு. போன்ற திறனாய்வாளர்கள் கல்கியிடம் கண்ட குறைகள் இங்கே இல்லையென்று வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் லலிதாவைப் பெண் பார்க்க வந்த ராகவன், அவளை விடுத்துச் சீதாவை விரும்பும் இடத்தைத் திரும்ப எண்ணிப் பாருங்கள். அங்கே வாளும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. ஒரு வீட்டுக் கூடம், அவ்வளவே. ஒருவனின் விருப்பம் இரு பெண்களின் வாழ்வைத் திசை மாற்றிவிடுகிறது. படித்த, நாகரிகமான அந்த மனிதனே பின்னர்ச் சீதாவை வீட்டுக்குள் அவமதிக்கிறான். 1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கம் முதல் பிரிவினைக் கலவரம் வரை நாட்டின் அதிர்வுகள் கதையில் வந்தபடி இருக்கின்றன. என் மனத்தில் தங்கியது அந்தக் கூடத்து அதிர்வுதான்.

மூன்றாம் கூட்டத்தில், அதுவரை வாய் திறவாத மூத்த அம்மையார் ஒருவர் எழுந்து, “ராகவன் மாதிரி ஒருவரோடு முப்பது வருஷம் இருந்தேன். நீங்கள் இதைச் சலிப்பு என்கிறீர்கள்” என்று சொல்லி அமர்ந்தார். இளங்கவிஞர் தலை குனிந்துகொண்டார். கவிஞர் கூறியது பிழையென்று நான் சொல்லமாட்டேன். இருவரும் ஒரே நூலைத்தான் படித்தார்கள்.

இங்கே என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். கல்கியின் வரலாற்றுப் புதினங்களை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் நான். என் ஆய்வேட்டில் ‘அலை ஓசை’க்கு ஒரே ஒரு பத்தி. ‘உணர்ச்சி மிகுந்தும் கட்டுக்கோப்புத் தளர்ந்தும் காணப்படும் படைப்பு’ என்று அதில் எழுதினேன். அப்போது நான்காம் பாகத்தை நான் படித்திருக்கவில்லை. வாய்மொழித் தேர்வில் எவரும் அதைக் கேட்கவுமில்லை. என் மாணவியர் சிலர் அவ்வரியை அப்படியே தம் கட்டுரைகளில் எடுத்தாண்டிருப்பதைக் கண்டபோதுதான் உறுத்தியது.

இத்தனைக்கும் நூல் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் பாட்டி வார இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். ‘சிவகாமியின் சபத’த்தைத் தெருவில் கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பார். ‘அலை ஓசை’ மட்டும் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கிடக்கும். கேட்டால், “அது உனக்கு இப்போ வேண்டாம்டி” என்பார். ஏன் என்று நான் துருவிக் கேட்டதில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த அம்மையார் பேசிய இரவில்தான் பெட்டியைத் திறந்தேன். சீதா வரும் பக்கங்கள் சிலவற்றின் ஓரத்தில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒரு சொல்லும் எழுதப்படவில்லை.

அத்தொகுதியை இன்று நம் வட்டத்தின் நூலக அலமாரிக்கு அளிக்கிறேன். தாள்கள் ஓரங்களில் முறிகின்றன. மடிக்காமல், மேசைமேல் விரித்து வைத்துப் படியுங்கள். பாதியில் நிறுத்தியவர்கள் மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கினாலும் எனக்கு வருத்தமில்லை. பென்சில் கோடுகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.