மண்ணைக் கற்பிக்கும் ஆசிரியர்க்குத் துணை நிற்போம்



வெள்ளி விழா மேடையிலே கட்டடத்தையும் விடுதியையும் பற்றிப் பேசுவது வழக்கம். நாமோ இன்று கல்லையும் மண்ணையும் பற்றிப் பேச விழைகின்றோம்.

நம் மாலை வகுப்பிற்கு வரும் சிறுமியொருத்தி தன் பள்ளி ஆசிரியரிடம் ஒரு வினா எழுப்பினாள்: "எங்கள் கிணற்றுநீர் தெளிவாகத்தானே இருக்கிறது, பின் ஏன் உப்புக் கரிக்கிறது?" ஆசிரியரால் விடை கூற இயலவில்லை. அவர் வரலாறு பயின்றவர். பள்ளியிலே புவியியல் சமூக அறிவியலின் ஒரு பகுதி. ஆகவே வரலாறு கற்றவரே பாறைகளையும் நடத்த நேர்கின்றது. நூலில் பாறையின் படம் உண்டு. மாணவர் கையிற் கொடுக்கக் கல் இல்லை. அவரைக் குறை கூறி என்ன பயன்?

விடை நம் காலடியிலேயே கிடக்கின்றது. பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும். கழிவுநீரின் நிறத்தை நீக்குவது எளிது. கரைந்த உப்பை நீக்குவது அரிது. நம் திருப்பூர் வட்டாரமோ கடும்பாறை நிலம். மேலே மக்கிய பாறையிலும், கீழே பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்கும். அங்கே புகுந்த உப்பை, மழைமறைவுப் பகுதியாகிய இவ்வூரின் குறைந்த மழை விரைவில் அலசிவிடாது.

வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியிற் கலப்பது நொய்யல். அதன் குறுக்கே, பாசனத்திற்கென எழுப்பப்பட்டு 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவை வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்த பிறகே பட்டறைகள் இயங்கலாம் என்றாயிற்று. உப்புநீரைக் குடித்தவரும் நாமே. பட்டறை அடைபட்டபோது கூலியிழந்து நின்றவரும் நாமே. ஆகையால், நிலத்தடியில் நிகழ்வதை நம் பிள்ளைகள் பிறர் சொல்லக் கேட்டு நம்புவதோடு நின்றுவிடலாகாது.

ஆசிரியர்க்கு நாம் செய்யத்தக்கது யாது? பணம் சிறிதே வேண்டும். நம்மிடமே இருப்பது பெரிது. நம் முதியோர் பலர் கிணறு வெட்டியவர்கள். தாம் வெட்டிய கிணற்றிலேயே நீர் மொள்ள மறுக்கப்பட்டவர்கள். மேல்மண், அதன் கீழ்ச் சுக்கான், அதற்கும் கீழே மக்கிய கல், பின்னர் கடும்பாறை, இடையே வெங்கச்சங்கல் என அவர்கள் வரிசை தவறாது உரைப்பர். அவர்களை வகுப்பறைக்கு அழைத்துச் சென்று, ஆசிரியர் அருகில் அமர்த்துதல் வேண்டும். தலைமையாசிரியரிடம் இசைவு பெறுவது சங்கத்தின் பொறுப்பு.

ஆண்டுக்கொரு முறை பேருந்துச் செலவையும் சங்கம் ஏற்கட்டும். நொய்யற்கரைக் கொடுமணலில், 1980-களில் தொடங்கிய அகழாய்வுகள், பண்டையோர் கல்மணி செய்ததையும் இரும்பு உருக்கியதையும் காட்டியுள்ளன. காங்கேயத்தையடுத்த படியூரோ நீலப்பச்சை நிறப் பெரில் கல் கிடைத்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கு அதைத் தோண்டியெடுத்தனர். (அக்கல்லைத் தேடிச் செல்வோர் வெறுங்கையோடு திரும்பவும் நேரலாம், அதுவும் ஒரு பாடந்தான்.)

பள்ளிக்கென ஒரு மரப்பெட்டியைச் செய்வித்துள்ளோம். இளைஞர்கள் தத்தம் ஊர்க் கல்லையும் மண்ணையும் கொணர்க. எந்த ஊர், எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று சீட்டெழுதி ஒட்டுக. சீட்டில்லாக் கல்லை ஆசிரியர் வகுப்பிற் காட்ட இயலாது.