தோடு கழற்றச் சொல்வது யார்?



புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் பிறந்து, பெந்தெகொஸ்தே சபையைத் தேடிப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். சில சபைகளில், ஞானஸ்நானத்துக்கு முன்பே தோடு, வளையல், பூ, பொட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியையும் கழற்றச் சொல்லும் சபைகள் உண்டு. சபைக்கு அது பரிசுத்தத்தின் அடையாளம். ஆனால் மாமியார் கண்ணுக்கு அது வேறு. கணவன் உயிரோடு இருக்கையில் மருமகள் விதவைக் கோலத்தில் நிற்கிறாளே என்று அந்தத் தாய் பதறுகிறார். ஒரே வெறுங்கழுத்துக்கு ஒரே வீட்டில் இரண்டு பொருள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுந்த பரிசுத்த இயக்கத்தார் எளிய உடையை வற்புறுத்தினார்கள். 1906இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் அசூசா தெருவில் எழுந்த எழுப்புதல் அந்த மரபிலிருந்து கிளைத்தது. கேரளத்தில் ராமன்குட்டியாகப் பிறந்து பாஸ்டர் பால் என்று பெயர் பெற்றவர், 1920களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். வெள்ளை உடை, நகையில்லா வாழ்வு, மருந்தை நாடாமல் ஜெபத்தையே நம்புவது ஆகியவை அதன் முத்திரைகள். அந்த மிஷன் மலாயாத் தமிழரிடையேயும் வேர் விட்டது.

அதில் நன்மை இருந்ததையும் மறுக்கக் கூடாது. பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களில், நகை போட்டவருக்கு ஒரு மரியாதை, போடாதவருக்கு ஒரு மரியாதை என்ற நிலை இருந்தது. கல்யாண நகைக்காகக் கடன் வாங்கி, பிறகு அதே நகையை அடகுக் கடையில் வைத்துத் தவித்தவர்கள் ஏராளம். எல்லாரும் வெறுங்கழுத்தோடு ஒரே பாயில் அமர்ந்த சபையில் ஏழைப் பெண்ணும் தலைநிமிர்ந்து அமர முடிந்தது. தானே விரும்பி நகையைத் துறந்தவருக்கு அது விடுதலை. அந்த உறுதியைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? ஒருவர் தமக்கென்று எடுத்த தீர்மானம், அடுத்தவர் மீது கட்டளையாக இறங்கும்போதுதான். தோடு போட்டவருக்குத் திருவிருந்து இல்லை, தலைமுடி வெட்டியவளுக்குப் பாடகர் குழுவில் இடமில்லை என்று சொல்லும்போதுதான்.

வேதத்தை ஆதாரம் காட்டுவார்கள். 1 பேதுரு 3ஆம் அதிகாரம் பின்னலையும் பொன்னாபரணத்தையும் சொல்லுகிறது. உண்மைதான். ஆனால் அதே வசனத்தில் உடையும் சேர்ந்தே வருகிறது. உடையே கூடாது என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. வெளி அலங்காரத்தைவிட உள்ளத்தின் அழகே மேல் என்பதுதான் பேதுருவின் போதனை. ஆணின் உடையைப் பெண் உடுத்தலாகாது என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அதே அதிகாரம் ஆட்டுமயிரும் சணலும் கலந்து நெய்த துணியையும் தடுக்கிறது. இன்று எந்தச் சபையின் வாசலிலாவது சட்டையில் கலந்த நூலைச் சோதிக்கிறார்களா? உணவையும் நாள் பார்ப்பதையும் பற்றிச் சச்சரவு எழுந்தபோது, அவரவர் தம் மனதில் நிச்சயம் கொள்ளட்டும் என்ற கருத்தையே ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் முன்வைத்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சோதனை யார் மீது விழுகிறது? பெரும்பாலும் பெண்கள் மீதுதான். ஆணின் விலை உயர்ந்த கைக்கடிகாரம் கண்ணில் படுவதில்லை. பெண்ணின் பொட்டளவு தோடு படுகிறது. கட்டாயத்தால் விளைவது என்ன? ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் கழற்றிய தோடு, திங்கட்கிழமை தொழிற்சாலை பஸ்ஸில் மறுபடி காதில் ஏறுகிறது. பிள்ளை கற்றுக்கொண்டது பரிசுத்தத்தை அல்ல, ஒளிப்பதை.

தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள், அவர்களில் பல கிறிஸ்தவப் பெண்கள், பல பத்தாண்டுகள் அடியும் அவமானமும் பட்டுப் போராடினார்கள். 1859இல்தான் அரசாணை வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்த அனுமதி இல்லை. இன்னது உடுத்து என்று மற்றவர் விதிப்பதை எதிர்த்து நின்ற பாட்டிகளின் பேத்திகளுக்கு, இன்று சபையே அந்த வேலையைச் செய்யலாமா?

மலேசிய அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமயக் காரியங்களைத் தானே நடத்த உரிமை தருகிறது. ஆகவே இதை அரசாங்கம் வந்து தீர்க்காது. தீர்க்க வேண்டியது சபையின் மூப்பர்களும் பெற்றோரும்தான். முழுநேர ஊழியத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர் வெள்ளை உடுத்தட்டும். வயது வந்து, அறிந்து ஏற்ற பொருத்தனை அது. பதினான்கு வயதுச் சிறுமி அப்படி எதையும் ஏற்கவில்லை. அவளுக்குப் போதகர் காரணத்தைச் சொல்லட்டும், கேள்வி கேட்க விடட்டும், முடிவெடுக்கக் காலம் கொடுக்கட்டும். தாலி விஷயத்தில் கணவனையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசாமல் எந்தப் போதகரும் அவசரப்பட வேண்டாம்.

ஈசாயின் மூத்த மகனின் தோற்றத்தைப் பார்த்துச் சாமுவேல் தீர்க்கதரிசியே ஏமாறப் பார்த்தார். வெறுங்காதைப் பார்த்து ஒருவரின் விசுவாசத்தை அளப்பவர்களும் அதே தவற்றைத்தான் செய்கிறார்கள். தானாகக் கழற்றியவளை மதியுங்கள். கழற்றாதவளுக்கும் அதே பாயில் இடம் கொடுங்கள்.