பெருங்கணிப்பொறியும் ஊர்ப்பொது வாய்க்காலும்



பரமத்தி வேலூரின் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நீரூட்டுவது இராஜ வாய்க்கால். ஜேடர்பாளையத்தில் காவிரியினின்று பிரிந்துவரும் அந்நீர் பலர்க்கும் உரியது. இத்தகைய வாய்க்கால்களைத் தூர்வாரவும் கரை கட்டவும் ஊரார் கூடி உழைப்பதை முன்னோர் குடிமராமத்து என்றனர். கணிப்பொறி உலகிலும் அத்தகைய குடிமராமத்து உண்டு. கவிதை எழுதுவோர்க்கும் அதனோடு தொடர்பு உண்டென்பதே இவ்வுரையின் பொருள்.

வங்கிக் கணக்கும் காப்பீட்டுக் கணக்கும் பார்க்கும் மிகப்பெரிய இயந்திரங்களை மெயின்ஃபிரேம் என்பர், பெருங்கணிப்பொறி எனலாம். ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360 என்னும் வரிசையை அறிவித்தது. அதன் வழிவந்த 370/155 இயந்திரம் 1973இல் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளில் நிரலைக் கொடுத்துவிட்டு விடைத்தாளுக்குக் காத்திருப்பது அக்கால வழக்கம். கண்ணாடி அறைக்குள் இருந்த இயந்திரம் மாணவன் கைக்கு எட்டாத தெய்வம் போன்றது.

லினக்ஸ் பிறந்தது அதற்கு நேர்மாறான இடத்தில். 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் மேசைக் கணிப்பொறிக்காக அதை எழுதத் தொடங்கினார். எவரும் படிக்கலாம், திருத்தலாம்; திருத்தியதை வெளியிட்டால் அதன் மூலநிரலையும் உடன் தரவேண்டும் என்ற உரிமத்தின்கீழ் அது வளர்ந்தது. முகம் பாராத பலர் அதற்குக் கரை கட்டினர்.

மேசைக் கணிப்பொறியில் முளைத்த இப்பயிரைப் பெருங்கணிப்பொறியில் நடமுடியுமா? லினாஸ் வெப்ஸ்டாஸ் என்பவர் 1998இன் இறுதியில் முயன்றார். அவருடைய பணிக்குப் பிக்ஃபுட் என்று பெயர். அது எல்லோரும் காணத் திறந்தவெளியில் நடந்தது. அதே காலத்தில் ஜெர்மனியில், போப்லிங்கனிலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்திலும் சிலர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தனர். அது வெளியே தெரியவில்லை. 1999 டிசம்பரில் ஐபிஎம் தன் நிரலை வெளியிட்டது. அதன்பின் பிக்ஃபுட் தேய்ந்து நின்றது. மூடிய கதவுக்குப் பின்னே நடந்த உழைப்பு, திறந்த வெளியில் உழைத்தவரின் உழைப்பை இவ்வாறு வீணாக்கிற்று.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. வெளியிடப்பட்ட நிரல் எல்லோருக்கும் உரியதாயிற்று. நியூயார்க் மாநிலத்து மாரிஸ்ட் கல்லூரி அதைத் தொகுத்துப் பலர்க்கும் வழங்கியது. 2000இல் சூசே நிறுவனம் அதை வணிகத் தொகுப்பாக்கியது. 2015இல் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் 'ஓப்பன் மெயின்ஃபிரேம் ப்ராஜெக்ட்' தொடங்கப்பெற்று, போட்டி நிறுவனங்களும் ஒரே வாய்க்காலில் தூர்வாரக் கூடின. இயந்திரத்தை வாங்க வழியற்றவரும் விடுபடவில்லை. ரோஜர் பவுலர் 1999இல் தொடங்கிய ஹெர்குலிஸ் என்னும் மென்பொருள், சாதாரணக் கணிப்பொறியையே பெருங்கணிப்பொறி போல நடிக்கச் செய்கிறது. கண்ணாடி அறைக்குள் இருந்ததைக் கொடிக்கால் வீட்டுப் பிள்ளையும் இன்று தன் மேசைமேல் இயக்கிப் பார்க்கலாம்.

இதில் கவிஞர்க்கு என்ன? எழுத்து. ஐபிஎம் பெருங்கணிப்பொறிகளுக்கு எப்சிடிக் என்ற தனிக் குறியீட்டு முறை இருந்தது. பிற இயந்திரங்கள் ஆஸ்கியில் பேசின. ஒன்றின் 'அ' மற்றொன்றுக்கு வேறெழுத்தாகும் குழப்பத்தைத் தமிழும் பட்டறிந்தது. எழுத்துருவுக்கொரு குறியீடு என்றிருந்த நாளில், ஒருவர் அனுப்பிய கவிதை மற்றவர் திரையில் பொருளற்ற ஆங்கிலக் குறிகளாய்ச் சிதறியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பக்கம் கட்டும் அச்சகங்கள் இன்றும் உண்டு.

இங்கும் குடிமராமத்தே வழிகாட்டிற்று. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் முதலானோர் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியமின்றி இலக்கியங்களைத் தட்டச்சு செய்தனர். திஸ்கிக் குறியீட்டில் வழங்கிய நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாறின. பனையோலை நைந்தபோது படியெடுத்தவர்களின் மரபு அது. ஏடு பலர் கையில் இருந்ததால் பிழைத்தது. ஒருவர் பெட்டியில் மட்டும் இருந்தது செல்லுக்கு இரையாயிற்று.

பத்தாண்டு நிறைவுறும் இவ்வட்டத்தில் அரங்கேறிய கவிதைகள் எங்கே உள்ளன? கையெழுத்துப் படியாகச் சிலர் வீட்டில். அச்சகக் கணிப்பொறியில் பழைய எழுத்துருவில். அந்தக் கணிப்பொறி பழுதானால் பத்தாண்டும் அதனோடு போகும். உறுப்பினர் ஒவ்வொருவரும் பத்துப் பக்கம் ஏற்று ஒருங்குறியில் தட்டச்சு செய்து, ஒருவர் செய்ததை மற்றவர் பிழை திருத்தினால், அடுத்த காவிரிப் புதுவெள்ளத்துக்குள் பணி முடியும். பிக்ஃபுட் தரும் பாடத்தையும் மறத்தலாகாது: எவர் எப்பக்கத்தை எடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியவேண்டும். இருவர் ஒரே பக்கத்தைத் தட்டினால் ஒருவர் உழைப்பு வீண்.

கவிதை கவிஞருடையதாகவே இருக்கும். அதைக் காக்கும் கரை ஊரார் கட்டவேண்டியது.